சுழல்வெட்டியின் கியர் எண்ணெய்

பருத்தி எடுத்து ஓய்ந்த காட்டில் பருத்திமாரைத் துண்டாக்கவும், தென்னந்தோப்பில் மண்டிய புதரை அறுக்கவும் டிராக்டரின் பின்னே பூட்டும் சுழல்வெட்டி பெரிதும் உதவுகிறது. ரோட்டரி கட்டர் என்றும், ஸ்லாஷர் என்றும் இதனை வழங்குவர். தமிழ்நாட்டின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல, டிராக்டரையும் கருவிகளையும் அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு அளித்து வருகின்றன. இவ்வாறு பல கைகளில் புழங்கும் கருவியில் கத்தி மழுங்கினால் எவர் கண்ணுக்கும் தெரியும். கியர் பெட்டியில் எண்ணெய் வற்றினால் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. நேற்று ஓட்டியவர் பார்த்திருப்பார் என்று இன்று ஓட்டுபவர் எண்ணிவிடுகிறார். பொதுப்பணத்தில் வாங்கிய கருவி முடங்குமாயின் அந்நஷ்டத்தில் நெசவாள அங்கத்தினருக்கும் பங்குண்டு. ஆகையால் இது உழவர் கவலை மட்டுமன்று.

பெரும்பாலான சுழல்வெட்டிகளுக்கு டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று வீதம் விசை தருகிறது. பெட்டிக்குள் இருக்கும் இரு கூம்புப் பற்சக்கரங்கள் அவ்விசையைத் திசைமாற்றிக் கீழுள்ள கத்திகளுக்கு அனுப்புகின்றன. அழுந்தித் தேயும் அப்பற்களிடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே காப்பு.

சோதிக்குமுன் பி.டி.ஓ.வை விலக்கி, என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடல் வேண்டும். கத்தி முற்றிலும் நின்ற பின்னரே அருகில் செல்லலாம். கருவியைச் சமதரையில் மட்டமாக இறக்கி, எண்ணெய் வடிந்து அடங்கும் வரை பொறுத்திருத்தல் நலம். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் பார்ப்பதே சிறந்தது. பெட்டியின் பக்கவாட்டில் அளவுத் துளையின் திருகு இருக்கும். அதைக் கழற்றினால் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்கவேண்டும். சில பெட்டிகளில் அளவுக்கோல் உண்டு. மிகுதியாக ஊற்றுவதும் தவறே. எண்ணெய் நுரைத்துச் சூடேறி, சீல் வழியே வெளியேறும். பெட்டியின் மேலுள்ள காற்றுத் துளையைத் தூசி அடைத்துக்கொண்டாலும் இதே விளைவுதான். எண்ணெய் ஒழுகக் கண்டதும் சீலைக் குறைகூறுவோர், முதலில் அத்துளையைத் துடைத்துப் பார்ப்பார்களாக.

நிறமும் பேசும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. முழுவதையும் வடித்து மாற்றவேண்டும். விரலில் தேய்த்தால் மாவுபோன்ற நுண்துகள் சிறிது படுவது இயல்பு. இரும்புச் சில்லு தட்டுப்படின் கருவியை ஓட்டாது பழுதுபார்ப்பவரிடம் காட்டுதல் வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதைக் கருவியுடன் வந்த கையேடு கூறும். பெரும்பாலும் 80W-90 அல்லது 85W-140 என்று குறித்த கியர் எண்ணெயாகவே இருக்கும். என்ஜின் எண்ணெயில் 40, கியர் எண்ணெயில் 90 என்று கண்டு, பின்னது இருமடங்கு கெட்டி என்று பலர் நினைக்கின்றனர். இரண்டும் வெவ்வேறு அளவைகள். கெட்டித்தன்மையில் அவை ஏறக்குறைய அண்மையானவையே. வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. பேரழுத்தத்தில் பற்களைக் காக்கும் மருந்துப்பொருள் கியர் எண்ணெயில் சேர்ந்திருக்கிறது. டிராக்டருக்கு வாங்கியதில் மிஞ்சியதை இதில் ஊற்றுவது சிக்கனமாகாது.

அதிகத் தொல்லை தருவது கத்தித் தண்டைச் சூழ்ந்த அடிச் சீல். சணல் கயிறும் வேலிக் கம்பியும் அங்கே சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடுகின்றன. கருவியை உயர்த்திப் பார்க்கும்போது ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாது, உறுதியான மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தே கீழே கைநீட்டவேண்டும். ஒழுகும் பெட்டியில் கெட்டி கிரீஸை அடைப்போரும் உளர். சக்கரம் அதில் தன் பாதையை வெட்டிக்கொண்டு சுழல, கிரீஸ் ஓரத்திலேயே தங்கிப் பற்கள் வறண்டுபோகும். சீல் மலிவு, பற்சக்கரமோ அவ்வாறன்று.

புதிய கருவிக்கு முதல் 50 மணி நேரம் ஓடியபின் எண்ணெய் மாற்றுமாறு பல கையேடுகள் கூறுகின்றன. பின்னர் மாற்றும் காலம் கருவிக்குக் கருவி வேறுபடும். ஓடிய மணிக்கணக்கு எவரிடமும் இல்லையெனில் இவ்வறிவுரை பயன்படாது. ஆகவே, கருவியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கைமாறவேண்டும் என்பது நம் கருத்து. தேதி, ஓடிய நேரம், எண்ணெயின் அளவும் நிறமும், பார்த்தவர் கையொப்பம் ஆகியவை அதில் போதும். கருவியைத் திரும்பப் பெறும் சங்க ஊழியர், வாடகை ரசீது எழுதுமுன் அப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.