கிணற்றடி மோட்டரும் மின்னழுத்த உயர்வும்

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பமொன்று கிணற்றைத் துப்புரவாக்கி, கடன்பட்டு மோட்டர் பூட்டி, வெங்காயமும் நட்டபின் அந்த மோட்டர் எரிந்துபோனால், இழப்பு மோட்டரோடு நிற்பதில்லை. புதியது வாங்கவோ பழையதற்குக் கொயில் கட்டவோ பணம் தேடுவதற்குள் பயிர் வாடிவிடும்.

எமது நாட்டில் இடிமின்னல் மிகுந்த காலங்கள் மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் ஆகும். மின்னல் கம்பத்தின்மேல் நேரே விழவேண்டுமென்பதில்லை. அண்மையில் விழுந்தாலே கம்பிகளில் ஒரு கணம் பல ஆயிரம் வோல்ற் ஏறக்கூடும். அக்கணத்தில் மோட்டரின் செப்புச் சுருளிலுள்ள மெல்லிய காப்புப் பூச்சு ஊசித்துளை போலச் சேதமடையலாம். அன்று மோட்டர் ஓடும். சில கிழமைகளின் பின் எரியும். நாமோ கடைக்காரரைத் திட்டுவோம்!

பியூஸ் இருக்கிறதே எனச் சிலர் கேட்கின்றனர். அது உருகுமுன் இந்த உயர்வு வந்து போய்விடும். ரிப் சுவிச் மின்னொழுக்கிலிருந்து ஆளைக் காப்பதற்கானது. மோட்டரை இதிலிருந்து காக்காது.

செலவில்லாத காப்பு, வானம் இருளும்போதே பிளக்கைக் கழற்றிவிடுவதாகும். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. அச்சிறு இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். இடி முழங்கத் தொடங்கியபின் பிளக்கையோ வயரையோ தொடவே வேண்டாம்.

கடைகளில் ‘சேர்ஜ் அரெஸ்டர்’ எனக் கேட்டு வாங்கும் கருவி, மேலதிக மின்னழுத்தத்தை நிலத்துக்கு இறக்கிவிடும். நல்ல எர்த் இல்லாவிடின் அது சுவரில் தொங்கும் வெறும் அலங்காரமே. குழாய்க்கிணற்றினுள் இறக்கும் மோட்டருக்கு ஆபத்து அதிகம்; நீரில் நிற்பதால் மின்னலுக்கு அதுவே நல்ல வழியாகிறது. எனவே கருவியைக் கிணற்று வாயருகே பூட்டி, அதன் எர்த் வயரைக் குறுகியதாக வைத்து, மோட்டரின் எர்த்துடன் இணைக்க வேண்டும். இதைத் தேர்ந்த மின்தொழிலாளியே செய்யட்டும்.

மின்னலின்றியும் ஓர் ஆபத்துண்டு. எமக்கு வரவேண்டியது 230 வோல்ற். அது சிறிதளவு கூடிக்குறையலாம். வீதிக் கம்பியில் நியூற்றல் அறுந்தால் சில வீடுகளில் அது 400 வோல்ற்றை நெருங்கலாம். இதை அரெஸ்டரும் தாங்காது. பல்புகள் வழமைக்கு மாறாகப் பளிச்சிட்டாலோ மங்கினாலோ மெயின் சுவிச்சை உடனே நிறுத்தி, மின் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். வேலிக்கு அப்பால் அயலவருக்கும் குரல் கொடுங்கள். அவருடைய மோட்டரும் அதே கம்பியில்தான் ஓடுகிறது.