வேலையிடத்தில் கார் நிறுத்த இடம்: செலவு யார் தலையில்?

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பள்ளிகளில் கார் நிறுத்தும் ஆசிரியர்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்று சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு அறிவித்தபோது பெரிய விவாதமே எழுந்தது. கூரையில்லாத இடத்துக்கு ஆண்டுக்கு 720 வெள்ளி, கூரையுள்ள இடத்துக்கு 960 வெள்ளி. மாணவர்களுக்காகச் சொந்தக் காசைச் செலவிடும் ஆசிரியரிடம் இதற்கும் காசு கேட்பதா என்று பலர் மனம் வருந்தினார்கள். ஆனால் கல்வி நிலையங்கள் ஊழியர்களுக்கு இலவசமாக இடம் கொடுப்பது மறைமுகச் சலுகைக்குச் சமம் என்று தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகம் 2015லேயே சுட்டிக்காட்டியிருந்தது.

இலவச இடம் உண்மையில் இலவசம்தானா? இந்தக் கேள்வியை அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஊரறியக் கேட்டது இங்கிலாந்தின் நாட்டிங்ஹம் மாநகர மன்றம். ராபின் ஹூட் கதையால் பெயர் பெற்ற ஊர் அது.

ஒரு கார் நிற்பதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? சிங்கப்பூரில் வழக்கமான அளவு 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். அதாவது பதினொன்றரைச் சதுர மீட்டர். வந்துபோகும் பாதையையும் சேர்த்தால் இது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அலுவலகத்தில் மேசை போட்டு வேலை பார்க்கும் ஊழியருக்குக்கூட அவ்வளவு இடம் கிடைப்பதில்லை! அந்த நிலத்தின் விலையையோ வாடகையையோ யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பேருந்தில் வரும் ஊழியருக்கு அந்தச் சலுகையில் பங்கில்லை.

2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளூர் மன்றங்களுக்கு ஓர் அதிகாரத்தைத் தந்தது. வேலையிடக் கார் நிறுத்தத்துக்கு அவை கட்டணம் விதிக்கலாம். அதை முதன்முதலாகப் பயன்படுத்திய நகரம் நாட்டிங்ஹம்தான். 2012 ஏப்ரலில் அங்கு ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 288 பவுண்டு விதிக்கப்பட்டது. கட்டவேண்டியவர் முதலாளி, ஊழியர் அல்ல. பத்து இடமோ அதற்குக் குறைவாகவோ வைத்திருப்பவர் உரிமம் மட்டும் எடுத்தால் போதும். பதினொன்று ஆகிவிட்டால் பதினொன்றுக்கும் கட்டவேண்டும். கணக்குப் பார்த்தால் 3,168 பவுண்டு. ஆகவே சில நிறுவனங்கள் கட்டணம் வருமுன்பே இடங்களைக் குறைத்துக்கொண்டதில் வியப்பில்லை. உடற்குறையுள்ளோருக்கான இடங்களுக்கும் அவசர சேவைகளுக்கும் விலக்கு உண்டு. பள்ளிகளுக்கு இல்லை.

சட்டம் முதலாளியிடம் கேட்டாலும், முதலாளி அதை ஊழியரிடம் வசூலித்துக்கொள்ளத் தடையில்லை. பலர் அப்படித்தான் செய்தார்கள். சிக்கல் இங்குதான். உயர் அதிகாரிக்கு 288 பவுண்டு பெரிதல்ல. துப்புரவுப் பணியாளருக்கு அது பல நாள் சம்பளம். விடியற்காலை ஐந்து மணிக்கு வேலை தொடங்குபவர் எந்தப் பேருந்தை நம்புவது?

இதற்கு மன்றம் சொன்ன பதில் டிராம். வசூலாகும் பணம் போக்குவரத்துக்கு மட்டுமே செலவாக வேண்டும் என்பது சட்டம். ஆண்டுக்குச் சுமார் 9 மில்லியன் பவுண்டு சேர்ந்தது. அந்தப் பணத்தின் துணையோடு டிராம் பாதை நீட்டிக்கப்பட்டு, கிளிஃப்டன் வட்டாரத்துக்கும், குவீன்ஸ் மருத்துவமனை, பீஸ்டன் வழியாக டோட்டன் லேனுக்கும் 2015 ஆகஸ்ட் முதல் டிராம் ஓடத் தொடங்கியது. ரயில் நிலையச் சீரமைப்புக்கும் ஒரு பகுதி போனது.

ஆண்டுகளைச் சற்றுக் கவனிக்கவேண்டும். கட்டணம் வந்தது 2012ல். டிராம் வந்தது 2015ல். மூன்றாண்டு காலம் மக்கள் வராத வண்டிக்குப் பணம் கட்டினார்கள். ஆனாலும் 2004 முதல் ஒரு டிராம் பாதையும், மன்றத்துக்குப் பெரும் பங்குள்ள பேருந்து நிறுவனமும் அங்கு ஏற்கெனவே இருந்தன. வேறு வழியே இல்லாத ஊரில் இதே கட்டணம் வந்திருந்தால் அது வெறும் அபராதமாகவே முடிந்திருக்கும்.

மன்றம் தனக்கென்று என்ன செய்துகொண்டது என்பதும் முக்கியம். பல கட்டடங்களில் சிதறிக் கிடந்த தன் ஊழியர்களை ஒன்றுசேர்க்க, ரயில் நிலையத்தை ஒட்டிய லாக்ஸ்லி ஹவுஸ் கட்டடத்தை 2009ல் வாங்கியது. ரயிலை விட்டு இறங்கினால் அலுவலகம். மற்ற முதலாளிகளைப் போலவே மன்றமும் தன் கார் நிறுத்துமிடங்களுக்குக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று யாரும் குறைசொல்ல அது இடம் வைக்கவில்லை.

எனினும் பக்கத்து ஊர்கள் உடனே பின்தொடரவில்லை. கட்டணமும் 288லேயே நிற்கவில்லை. 2018க்குள் 400 பவுண்டைத் தாண்டியது. அருகிலுள்ள லெஸ்டர் நகரமும் இதேபோன்ற திட்டத்தைத் தீட்டி மக்களிடம் கருத்துக் கேட்டது. விலைவாசி ஏறி மக்கள் தவித்துக்கொண்டிருந்த 2022 நவம்பரில் அதைக் கைவிட்டது.