வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்



பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து, அனுப்பர்பாளையம் வீட்டுக்கு வந்து அடுப்படி வேலையும் பார்க்கும் தாய், "வலி ஒன்றும் இல்லையே, ஆஸ்பத்திரிக்கு எதற்கு?" என்று கேட்பது இயல்புதான். ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை.

இதற்குக் காரணம், ஏறக்குறைய எப்போதும், எச்.பி.வி. என்னும் வைரஸ். தாம்பத்திய உறவின் வழியாகப் பரவும் மிகச் சாதாரணமான தொற்று இது. பிரமாணிக்கமாய் வாழும் மனைவிக்கும் வரலாம். ஆகவே இந்த நோயைக் கொண்டு யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க வேண்டாம். பெரும்பாலோருக்குத் தொற்று ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கிவிடும். சிலருக்கு அது தங்கி, புற்றுநோயாக மாற பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுபிடித்தால் வராமலே தடுக்கலாம்.

இதை நம் அண்டை மாவட்டமான திண்டுக்கல்லே மெய்ப்பித்தது. 2000 முதல் 2003 வரை அங்குள்ள கிராமங்களில், 30 முதல் 59 வயதுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பரிசோதித்தார்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்துக் கருப்பைவாயில் தடவினால், மாறிய பகுதி ஒரு நிமிடத்தில் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிர்வித்து உறையவைத்துச் சிகிச்சை தந்தார்கள். 2007-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது: பரிசோதனை நடக்காத கிராமங்களைவிட நோய் 25 சதவீதமும், இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர். ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. நம் வீடுகளிலும் தடைகள் உண்டு: ஒருநாள் கூலி, கூச்சம், "புற்றுநோய் என்று சொல்லிவிட்டால்?" என்னும் பயம். வெள்ளையாகத் தெரிந்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல. அங்கே பத்தில் ஒருவருக்கு அப்படித் தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை.

பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வருந்திக் கூட்டத்தில் மறைந்து வந்த பெண்ணை இயேசு கடிந்துகொள்ளவில்லை. நாமும் நம் வீட்டுப் பெண்களை மறைந்து நிற்க விடலாமா?

30 வயதைக் கடந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். மாதவிலக்கு நின்றபின் இரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் இரத்தம் கசிந்தாலோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்பட்டாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் பின்னாளில் பரிசோதனை தேவை.

கணவன்மாரே, அந்த ஒருநாள் நீங்கள் லீவு போட்டு உடன் செல்லுங்கள். மாமியார்களே, மருமகளை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள்.