உங்களுக்குத் தெரியுமா? அது ரத்தமல்ல!
டென்மார்க்கின் பெரிய இறைச்சி நிறுவனமான டேனிஷ் கிரவுனின் தலைமையகம் ரண்டர்ஸ் நகரில் இருக்கிறது. உரிமையாளர்கள் விவசாயிகளே, நம்மூர் பால் கூட்டுறவு மாதிரி. டென்மார்க்கில் வாணலியில் வாட்டிய மாட்டிறைச்சி ஸ்டேக்கை வெட்டினால் சிவப்பாக ஒரு சாறு கசியும். பதற வேண்டாம், அது ரத்தமல்ல! தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். துண்டின் நடுவே வெப்பம் 52 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் சிவப்பு, 60-ஐ நெருங்கினால் இளஞ்சிவப்பு, 70-ஐத் தாண்டினால் பழுப்பு. (சுக்கா வறுவலில் வளர்ந்த நாக்கு 70-க்குக் கீழே இறங்காது என்பது வேறு விஷயம்.) அடுப்பை விட்டு இறக்கிய பின்னும் உள்சூடு சில டிகிரி ஏறும். அதனால் பதம் வருவதற்குச் சற்று முன்பே இறக்கிவிடுகிறார்கள்.