இழுக்கையில் பாரம், நிறுத்துகையில் இலேசு: ஏன்?

கிளியூர் அருவியின் இரைச்சல் எட்டும் சேர்வராயன் மலைச்சரிவில், பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் வில்லேந்த விரும்பும் பழைய வேட்டைக்காரர், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மதித்து இலக்குப் பலகையையே நாடவேண்டும். அதுவே நன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

அண்டைக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் காலத்து வில்லில், நாணை இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். அமெரிக்கரான ஹாலிஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில்லிலோ, முனைகளிலுள்ள மையம் விலகிய சக்கரங்கள் சுழலச் சுழல, நாண் பற்றும் ஆரம் பெருகி, வில்லின் தண்டுகளை வளைக்கும் வடம் பற்றும் ஆரம் குறுகுவதால், நடுவழியில் 60 பவுண்டாய்க் கனத்த விசை, முழு இழுப்பில் 80 சதவீதம் தளர்ந்து 12 பவுண்டாகிவிடுகிறது. சேமித்த சக்தியோ வளைந்த தண்டுகளில் அப்படியே இருக்கிறது. கை தாடையைத் தொட்டு நிற்கும் அந்த க்ஷணத்தில் நடுக்கமின்றிக் குறிபார்க்க முடிவது இதனாலேயே.

ஆயினும் அந்த 60 பவுண்டு மேட்டைத் தோள் ஒவ்வொரு முறையும் கடந்தே தீரவேண்டுமாதலால், பழக்கம் விட்டவர் 40 பவுண்டில் தொடங்குவது உசிதம். இழுப்பின் நீளமோ அதனினும் முக்கியம், ஏனெனில் சக்கரம் ஓரிடத்தில் சுவர்போல் நின்றுவிடும்: கைகளை விரித்து, விரல்நுனிக்கு விரல்நுனி 70 அங்குலமானால், அதை இரண்டரையால் வகுத்த 28 அங்குலமே உத்தேச அளவு.