பாதிக் கடன் எப்போது தீரும்?

30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன். வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டு, மாதத் தவணை 26,035 ரூபாய். இதில் அசல் பாதியாகக் குறைய எத்தனை ஆண்டு பிடிக்கும்? பத்து என்றுதான் மனம் சட்டென்று சொல்லும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 166ஆவது மாதத்தில்தான் 15 லட்சம் கழிகிறது. கிட்டத்தட்டப் பதினான்கு ஆண்டு!

வங்கி ஏமாற்றுகிறது என்று நினைக்க வேண்டாம். நிலுவையில் நிற்கும் அசலுக்குத்தான் வட்டி. முதல் மாதம் முழு 30 லட்சமும் நிற்பதால் வட்டி மட்டுமே 21,250 ரூபாய். அசலில் கழிவது வெறும் 4,785. அதனால் மறுமாத வட்டியில் 34 ரூபாய் குறைகிறது. அந்த 34 ரூபாய் அசல் பக்கம் போகிறது. இப்படி மாதாமாதம் நகர்ந்து, கடைசித் தவணையில் வட்டி 183 ரூபாய்தான். அதே 26,035 ரூபாய். ஆனால் அது செய்யும் வேலை தலைகீழாகிவிட்டது.

இதிலிருந்து இன்னொரு வியப்பு பிறக்கிறது. கடன் வாங்கிய ஓராண்டில் கூடுதலாக ஒரு லட்சம் கட்டினால், கடைசியில் ஏறக்குறைய 18 தவணைகள், அதாவது 4.7 லட்சம் ரூபாய், மிச்சம். அதே லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் ஆறு தவணைகூட முழுதாகக் குறையாது. மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கூடாது என்று 2012இலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. இருந்தும் போனஸ் வந்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புது டிவிதான். எனக்கு அது பெரிய வருத்தம்.

இளமையில் கடன், நடுவயதில் சேமிப்பு, முதுமையில் செலவு என்று மனித வாழ்வின் பண ஓட்டத்தை வரைந்து காட்டியவர் பொருளாதார அறிஞர் பிராங்கோ மொடிகிலியானி. 1985இல் நோபல் பரிசு பெற்றவர். கையில் காசு குறைவாக உள்ள இளம் வயதில்தான் கடன் தொடங்குகிறது. காசுக்குப் பலம் அதிகமுள்ளதும் கடனின் தொடக்கத்தில்தான். சிக்கலே இங்கேதான்.

அந்த வயதில்தான் கிரெடிட் கார்டும் வருகிறது. மாதம் 3.5 சதவீதம் என்றால் சிறிதாகத் தெரியும். 72ஐ வட்டியால் வகுத்தால் கடன் எப்போது இரட்டிக்கும் என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். 1494இல் இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலியின் நூலிலேயே இந்த விதி இருக்கிறது. ஒன்றும் கட்டாமல் விட்டால் கார்டு பாக்கி சுமார் 20 மாதத்தில் இரண்டு மடங்கு. மாதம் நூற்றுக்குப் பத்து என்ற 'பத்து வட்டி'க்கு வாங்கி, வட்டிக்கு வட்டி ஏறினால் ஏழே மாதம். தமிழ்நாட்டில் இத்தகைய கந்துவட்டிக்கு எதிராக 2003இல் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது.

பைக் கடனில் இன்னொரு கண்கட்டு. 'பிளாட் 10 சதவீதம்' என்பார்கள். ஒரு லட்சத்துக்கு மூன்றாண்டு வட்டி 30,000 என்று முதலிலேயே சேர்த்து 36ஆல் வகுத்துவிடுவார்கள். அசல் குறையக் குறைய வட்டி குறையாது. உண்மையில் நாம் கட்டுவது கிட்டத்தட்ட 18 சதவீதம்.

நடுவயதில் நண்பருக்காகப் போடும் ஜாமீன் கையெழுத்து நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையிலும் ஏறும். அவர் கட்டத் தவறினால் அடி நமக்கும்தான். ஆண்டுக்கு ஒருமுறை இந்த அறிக்கையை இலவசமாகவே பெறலாம்.

முதுமையில் இந்தக் கணக்கு அப்படியே திரும்புகிறது. 2007இல் இந்தியாவுக்கு வந்த தலைகீழ் அடமானத் திட்டத்தில், சொந்த வீடுள்ள, 60 வயது நிறைந்தவருக்கு வங்கி மாதாமாதம் பணம் தரும். அந்த வீட்டில் வாழும்வரை திருப்பிக் கேட்காது. கடன் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் வளரும். வீட்டுக் கடன் தேய்ந்த அதே பாதை, எதிர்த்திசையில். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். இல்லையேல் வங்கி விற்கும். பிள்ளைகளிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குத் தவணைக் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டியை முக்கியத் தகவல் அறிக்கையில் எழுதித் தர வேண்டும். தவணை அட்டவணையும் அதோடு இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.