தோற்றவருக்கும் வண்டித் தடம் விட்ட பட்டேல்

கொங்கு நாட்டில் பங்காளிகள் நிலம் பிரித்துக்கொள்ளும்போது ஊர்ப் பெரியவர்கள் ஒரு காரியத்தை மறக்கவே மாட்டார்கள். யாருக்கு எந்தக் காடு, கிணற்றில் யாருக்கு என்றைக்கு முறை என்பதெல்லாம் பேசி முடியும். அதற்குப் பிறகு, "சரி, உள்ளே இருக்கிற காட்டுக்கு வண்டித் தடம் எது?" என்று கேட்பார்கள்.

தடம் விட்டுப் பிரித்தால் சண்டை அன்றோடு தீர்ந்தது. தடத்தை அடைத்துவிட்டால், பேரன் காலம் வரை கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்!

நாடுகளின் கதையும் இப்படித்தான். துண்டு துண்டாகக் கிடந்த ஒரு நாட்டை ஒன்றாக்கியவர் ஜெர்மனியின் பிஸ்மார்க். நமது நாட்டில் அந்த வேலையைச் செய்தவர் சர்தார் வல்லபாய் பட்டேல். அதனால் பட்டேலை 'இந்தியாவின் பிஸ்மார்க்' என்று சொல்வது உண்டு.

அந்தப் பட்டம் அவருக்குப் பொருந்துமா? இருவரும் தோற்றவர்களுக்கு என்ன விட்டு வைத்தார்கள் என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

கோவையைச் சுற்றி மூன்று ராஜாக்கள்

1947-ம் ஆண்டில் கோவை மாவட்டம் வெள்ளைக்காரர் ஆட்சியில், சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆனால் எல்லையைத் தாண்டினால் ராஜாக்களின் ஆட்சி!

சத்தியமங்கலத்தில் இருந்து திம்பம் மலை ஏறி வடக்கே போனால் மைசூர் ராஜ்யம். பொள்ளாச்சிக்கு மேற்கே, பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குப் போனால் கொச்சி ராஜ்யம். உடுமலைப்பேட்டையில் இருந்து தெற்கே மலை ஏறி மறையூர், மூணாறு போனால் திருவிதாங்கூர் ராஜ்யம்.

ஒவ்வொன்றுக்கும் தனி ராஜா, தனி திவான், தனிச் சட்டம். திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் 'அஞ்சல்' என்ற பெயரில் சொந்தத் தபாலே நடந்தது. இவை போல இந்தியா முழுவதும் சுமார் 560 சமஸ்தானங்கள் இருந்தன. சில சமஸ்தானங்கள் ஐரோப்பிய நாடுகளைப் போலப் பெரியவை. சில, நாலைந்து கிராமங்கள் மட்டுமே!

கொச்சி ராஜ்யத்தில் 1935 முதல் 1941 வரை திவானாக இருந்தவர் நமது கோவையைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியும் அவரே. 1947 நவம்பர் 26-ந் தேதி சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை அவர்தான் படித்தார். பட்டேல் உட்கார்ந்திருந்த அதே மந்திரிசபையில் அவரும் இருந்தார்.

வெள்ளைக்காரர் போகும்போது ஒரு வெடியை வைத்துவிட்டுப் போனார்கள். "சமஸ்தானங்கள் மீது எங்களுக்கு இருந்த அதிகாரம் எங்களோடு முடிந்தது" என்றார்கள். அப்படியானால் ஒவ்வொரு ராஜாவும் "நான் தனி நாடு" என்று சொல்லலாம் அல்லவா?

அப்படி நடந்திருந்தால் என்ன ஆகும்? மூணாறுக்குப் போக ஒரு பாஸ்போர்ட்டு. மைசூருக்குப் போக இன்னொரு பாஸ்போர்ட்டு. கொச்சித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு கோவை மில்லுக்கு வந்து சேர, வழியில் வேறொரு நாட்டுக்குச் சுங்கம் கட்ட வேண்டும்!

ஜெர்மனி பட்ட பாடு

இதே தொல்லையைத்தான் ஜெர்மனி மக்கள் 19-ம் நூற்றாண்டில் அனுபவித்தார்கள். ஒரே மொழி பேசிய அவர்கள் 39 ராஜ்யங்களாகப் பிரிந்து கிடந்தார்கள். 1834-ல் பல ராஜ்யங்கள் சேர்ந்து, தங்களுக்குள் சுங்கம் இல்லை என்று ஏற்பாடு செய்துகொண்டன. சந்தை ஒன்றானது. நாடு ஒன்றாகவில்லை.

அந்த ராஜ்யங்களில் வலுவானது பிரஷ்யா. 1862-ல் அதன் பிரதம மந்திரியாக வந்தவர் பிஸ்மார்க். இரும்பாலும் ரத்தத்தாலும்தான் பெரிய பிரச்சினைகள் தீரும் என்று அவர் பேசினார். பேசியபடியே செய்தார். 1864-ல் டென்மார்க்குடன் சண்டை. 1866-ல் ஆஸ்திரியாவுடன் சண்டை. 1870-ல் பிரான்சுடன் சண்டை. மூன்றிலும் வெற்றி!

ஆனால், இந்தச் சண்டைகள் முடிந்த விதத்தில்தான் பாடம் இருக்கிறது.

"வியன்னாவுக்குப் போக வேண்டாம்!"

1866-ல் ஆஸ்திரியாவுடன் நடந்த சண்டை ஏழு வாரத்தில் முடிந்தது. ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவுக்குப் பாதை திறந்து கிடந்தது. பிரஷ்யாவின் அரசர் வில்லியமும் அவருடைய தளபதிகளும் துள்ளினார்கள். "வியன்னாவுக்குள் புகுந்து ஊர்வலம் போவோம். நிலத்தையும் பிடுங்குவோம்" என்றார்கள்.

பிஸ்மார்க் ஒரேயடியாக மறுத்தார். இன்றைக்கு அவமானப்படுத்தினால், நாளைக்கு ஆஸ்திரியா பிரான்சுடன் சேர்ந்துகொள்ளும் என்று வாதாடினார். கடைசியில் அரசர் பணிந்தார். ஆஸ்திரியாவின் நிலத்தில் ஒரு சாண் கூடப் பிரஷ்யா எடுத்துக்கொள்ளவில்லை.

பலன் என்ன தெரியுமா? 13 ஆண்டுகள் கழித்து, 1879-ல், அதே ஆஸ்திரியா ஜெர்மனியின் கூட்டாளி ஆனது!

அடைத்த தடம்

பிரான்சு விஷயத்தில் நடந்தது நேர் எதிர். 1870 செப்டம்பரில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனே சிறைப்பட்டார். 1871 ஜனவரி 18-ந் தேதி பிரெஞ்சு மண்ணிலேயே, வெர்சேல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில், 'ஜெர்மன் சாம்ராஜ்யம் பிறந்தது' என்று அறிவித்தார்கள். தோற்றவன் வீட்டுக் கூடத்திலேயே ஜெயித்தவனுக்குப் பட்டாபிஷேகம்!

அதோடு விடவில்லை. அல்சேஸ், லொரேன் என்ற பிரெஞ்சுப் பகுதிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். 500 கோடி பிராங்கு அபராதமும் வாங்கினார்கள்.

பிரான்சு அதை மறக்கவில்லை. அது பழி வாங்க வரும் என்று பிஸ்மார்க்குக்கும் தெரியும். அதனால் பிரான்சுக்கு ஒரு நண்பனும் கிடைக்காதபடி 20 ஆண்டுகள் காய் நகர்த்தினார். ஆஸ்திரியா, இத்தாலி, ருஷியா என்று ஒவ்வொரு நாட்டோடும் உடன்படிக்கை செய்துகொண்டார். 1890-ல் புதிய சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம் அவரை வீட்டுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளிலேயே பிரான்சும் ருஷியாவும் கைகோத்துக்கொண்டன. 1914-ல் முதல் உலக யுத்தம் வந்தபோது ஜெர்மனிக்கு இரண்டு பக்கமும் எதிரிகள்!

ஜெர்மனி தோற்றது. 1919 ஜூன் 28-ந் தேதி சமாதான உடன்படிக்கையில் ஜெர்மனியைக் கையெழுத்துப் போடவைத்தார்கள். எங்கே? அதே கண்ணாடி மண்டபத்தில்! இந்த முறை ஜெர்மனியின் தடத்தை மற்றவர்கள் அடைத்தார்கள். 20 ஆண்டில் இரண்டாம் உலக யுத்தம் வந்தது.

பட்டேல் கேட்டது மூன்றே மூன்று

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். 1947 ஜூலையில் சமஸ்தான இலாகா பட்டேல் கையில் வந்தது. ஆகஸ்டு 15-க்கு ஆறு வாரம்கூட இல்லை!

அவருக்கு வலது கையாக இருந்த அதிகாரி வி. பி. மேனன். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் உள்ள ஒற்றப்பாலத்தில் பிறந்தவர். குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்து, அரசாங்கத்தின் உச்சிப் படி வரை ஏறியவர்.

இருவரும் ராஜாக்களிடம் முதலில் கேட்டது மூன்றே மூன்று. ராணுவம், வெளிநாட்டு விவகாரம், போக்குவரத்துத் தொடர்பு. இந்த மூன்றை மட்டும் இந்தியாவிடம் விடுங்கள், மற்றவை உங்களிடமே இருக்கட்டும் என்றார்கள். பெரும்பாலான ராஜாக்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

நமது பக்கத்து வீட்டில்தான் தகராறு! திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் சர் சி. பி. ராமசாமி அய்யர் 1947 ஜூனில் அறிவித்தார். அங்கே மக்கள் கொதித்தார்கள். ஜூலை 25-ந் தேதி திருவனந்தபுரத்தில் அவரை ஒருவர் வெட்டினார். அவர் உயிர் தப்பினார். சில நாட்களில் திருவிதாங்கூர் மகாராஜா இணைப்புக்குச் சம்மதம் தெரிவித்தார்.

பிறகு அடுத்த படி வந்தது. சிறிய சமஸ்தானங்கள் பக்கத்து மாகாணங்களில் கரைந்தன. நமது புதுக்கோட்டை 1948 மார்ச் 3-ந் தேதி சென்னை மாகாணத்தில் சேர்ந்தது. ராஜாவின் அரண்மனையில் இன்று மாவட்டக் கலெக்டர் அலுவலகம் நடக்கிறது.

பஞ்சாங்கம் கேட்ட ராஜா

1949 ஜூலை 1-ந் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாயின. அதற்கு முன்பு ஒரு சிக்கல் வந்தது. புதிய ராஜ்யத்தின் தலைவராக, அதாவது ராஜப்பிரமுகராக, திருவிதாங்கூர் மகாராஜா பதவி ஏற்க வேண்டும். "நான் ஸ்ரீ பத்மநாப சுவாமியின் தாசன். வேறு பிரமாணம் எடுக்க முடியாது" என்பது அவர் நிலை. அவரை யாரும் வற்புறுத்தவில்லை. பிரமாணம் இல்லாமலே காரியம் முடிந்தது.

கோயில்களுக்குப் பணம் தருவதாகவும் உறுதி கூறினார்கள். அந்த உறுதி அரசியல் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல் நம்மோடு சேர்ந்தபோது அங்குள்ள கோயில்களின் பங்கும் நம்மிடம் வந்தது. ஆண்டுக்கு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்.

கொச்சி மகாராஜா பட்டமும் பதவியும் கேட்கவில்லை. அவர் கேட்டவை சின்னச் சின்ன விஷயங்கள். வழக்கம் போலப் பஞ்சாங்கம் இலவசமாக வந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று! மேனன் பிற்காலத்தில் எழுதிய புத்தகத்தில் இதைக் குறிப்பிடுகிறார்.

ராஜ்யத்தை விட்டுக் கொடுத்த ராஜாக்களுக்கு மானியமும் உண்டு. மைசூர் மகாராஜாவுக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். திருவிதாங்கூருக்கு 18 லட்சம் ரூபாய். பிஸ்மார்க்கும் பவேரியா ராஜாவுக்குப் பணம் கொடுத்தார். அது ரகசியப் பணம். ஹனோவர் ராஜாவிடம் பிடுங்கிய சொத்தில் இருந்து எடுத்த பணம்! பட்டேல் செய்த ஏற்பாடு அரசியல் சட்டத்திலேயே, ஊரறிய எழுதப்பட்டது.

மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் என்ன ஆனார்? மைசூரின் கவர்னராக இருந்தார். பிறகு 1964 முதல் 1966 வரை நமது சென்னை ராஜ்யத்துக்கே கவர்னராக வந்தார்! திம்பம் மலைக்கு அப்பால் சிம்மாசனத்தில் இருந்தவர், மலைக்கு இப்பால் மக்களாட்சியின் கவர்னர். இதைவிடப் பெரிய தடம் வேறு உண்டா?

ரத்தம் சிந்திய இடம்

பட்டேல் துளி ரத்தமும் சிந்தாமல் எல்லாவற்றையும் முடித்தார் என்று சொன்னால் அது உண்மை ஆகாது.

ஐதராபாத் நிஜாம் சேர மறுத்தார். அங்கே ரஜாக்கர் படையின் அட்டூழியம் தலைவிரித்து ஆடியது. 1948 செப்டம்பர் 13-ந் தேதி இந்திய ராணுவம் உள்ளே போனது. 17-ந் தேதி நிஜாம் பணிந்தார். சண்டை ஐந்தே நாள். ஆனால் அதை ஒட்டி நடந்த கொலைகளில் ஏராளமான முஸ்லிம்கள் மாண்டார்கள். விசாரிக்க மத்திய அரசாங்கம் அனுப்பிய சுந்தர்லால் குழு, குறைந்தது 27 ஆயிரம் முதல் 40 ஆயிரம் பேர் இறந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. அந்த அறிக்கை பல ஆண்டுகள் வெளியே வரவில்லை.

தோற்ற நிஜாமைப் பட்டேல் சிறையில் தள்ளவில்லை. 1950 முதல் 1956 வரை அவர் ஐதராபாத்தின் ராஜப்பிரமுகராக இருந்தார். ராஜாவுக்குத் தடம் கிடைத்தது. செத்துப் போன ஏழைகளின் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? ஒற்றுமையின் கணக்கை எழுதும்போது இந்தச் செலவையும் எழுதத்தான் வேண்டும்.

கொடுத்த வாக்கு

பட்டேல் 1950 டிசம்பர் 15-ந் தேதி மறைந்தார். ராஜாக்களின் மானியம் 1971-ல் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் ரத்தானது. "ஏழை நாட்டில் ராஜாவுக்கு எதற்கு மானியம்?" என்றது ஒரு பக்கம். "கொடுத்த வாக்கு என்ன ஆச்சு?" என்றது இன்னொரு பக்கம். இரண்டு கேள்வியிலும் நியாயம் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மானியம் போனபோது எந்த ராஜாவும் படை திரட்டவில்லை. பலர் தேர்தலில் நின்றார்கள். 24 ஆண்டுகளுக்குள் அவர்கள் நாட்டின் குடிமக்களாக மாறிவிட்டார்கள்!

ஜெர்மனியும் பாடம் படித்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இரண்டாகப் பிரிந்த அந்த நாடு, 1990 அக்டோபர் 3-ந் தேதி மறுபடி ஒன்றானது. இந்த முறை ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. பக்கத்து நாடான போலந்தின் எல்லையைத் தொடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே ஒன்று சேர்ந்தார்கள்.

ஆகவே பட்டேலை 'இந்தியாவின் பிஸ்மார்க்' என்று சொல்பவர்கள் எந்தப் பிஸ்மார்க் என்றும் சொல்ல வேண்டும். வெர்சேல்ஸில் பட்டாபிஷேகம் நடத்திய பிஸ்மார்க் அல்ல. "வியன்னாவுக்குப் போக வேண்டாம்" என்று தன் அரசரையே தடுத்த பிஸ்மார்க்!

இன்று உடுமலையில் பஸ் ஏறி மூணாறுக்குப் போகிறோம். பொள்ளாச்சியில் இருந்து சித்தூருக்குப் போகிறோம். ராஜ்யம் மாறியது என்று யாரும் நினைப்பதில்லை. அந்தப் பாதை தானாக வந்தது அல்ல. ஜெயித்த நேரத்திலும் எதிரே இருப்பவருக்கு ஒரு வண்டித் தடம் விட வேண்டும் என்று நினைத்தவர்கள் போட்ட பாதை அது.